ஆண்டெனா தொலைக்காட்சியைப் பதிவு செய்ய எந்த மென்பொருள்?

அமெரிக்காவில் நகரங்களை ஒட்டிய பகுதிகளில் குடியிருப்பவர்கள் வீட்டுக் கூரையிலோ மாடி ஜன்னலோரத்திலோ ஓர் ஆண்டெனாவைப் பொருத்தினால், சிபிஎஸ், என்பிசி, ஏபிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் ஆகியவையும் அவற்றுடன் வரும் துணைச் சேனல்களும் மாதக் கட்டணம் ஏதுமின்றிக் கிடைக்கின்றன. பார்ப்பதற்குத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே போதும். ஆனால் ஒளிபரப்பு நேரத்தில் வேலையில் இருப்பவர்களுக்கும், பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகே பெட்டியின் முன் அமர முடிகிறவர்களுக்கும் அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும். 1999-இல் சந்தைக்கு வந்த டிவோ பெட்டிதான் அந்த வழியை வீட்டுக்கு வீடு பழக்கப்படுத்தியது. அந்த நிறுவனமே 2025-இல் பதிவுப் பெட்டிகளின் விற்பனையை நிறுத்திவிட்ட நிலையில், சொந்தக் கணினியில் இயங்கும் பதிவு மென்பொருள்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தவற்றைப் பற்றியும், அவற்றில் எதை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

இவ்வகை மென்பொருள்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் திரை அழகைப் பற்றியே பேசுகின்றன. நிகழ்ச்சிகளின் சுவரொட்டிப் படங்கள் வரிசையாக வருகின்றனவா, எழுத்துரு நன்றாக இருக்கிறதா, ரிமோட்டுக்கு உடனே பணிகிறதா என்பவை எல்லாம் தேவையானவைதான். ஆனால் பதிவு மென்பொருளின் உண்மையான வேலை, நாம் பார்க்காதபோது நடப்பது. குறித்த நேரத்தில், குறித்த சேனலில், நிகழ்ச்சியின் முதல் நொடி முதல் கடைசி நொடி வரை அது பதிவு செய்ததா என்பது முதல் கேள்வி. பதிவான கோப்பு, அந்த மென்பொருள் நாளை இல்லாமல் போனாலும் நம்மால் பார்க்கக்கூடியதாக இருக்குமா என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டுக்கும் நல்ல விடை தராத மென்பொருளின் திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவர நான் விரும்பமாட்டேன்.

இரண்டாவது கேள்வி வீண் கவலை அன்று. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் மீடியா சென்டர் 2002-இல் வெளிவந்து, விண்டோஸ் 7 காலத்தில் இத்துறையின் மிகச் சிறந்த திரையைக் கொண்டிருந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அது கைவிடப்பட்டது. கேபிள் நிறுவனத்தின் கட்டணச் சேனல்களைக் கணினியில் திறந்துதரும் கேபிள் அட்டை வழியே வந்த பல சேனல்கள் நகலெடுப்புக் கட்டுப்பாட்டுக் குறியுடன் வந்ததால், அவற்றின் பதிவுகள் பதிவு செய்த அதே கணினியில் மட்டுமே ஓடும்படி பூட்டப்பட்டிருந்தன. கணினி பழுதானால் ஹார்ட் டிஸ்க்கில் கோப்பு முழுதாக இருந்தும் பயனில்லை. அதே காலத்தில் பலர் பணம் கொடுத்து வாங்கிய சேஜ்டிவியை 2011-இல் கூகுள் வாங்கியது, விற்பனை நின்றது, 2015-இல்தான் அதன் மூலநிரல் பொதுவில் விடப்பட்டது. ஆகவே பதிவுகள் எந்த வகைக் கோப்பாக, எந்த இடத்தில் சேமிக்கப்படுகின்றன என்பதை விலையைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எந்த பிளேயரிலும் ஓடக்கூடிய சாதாரண எம்பெக் கோப்பாக, நாமே திறந்து பார்க்கக்கூடிய ஒரு கோப்புறையில் இருப்பது நல்லது. இங்கே நான் பேசப்போகும் மென்பொருள்கள் ஆண்டெனா ஒளிபரப்பை அவ்வாறே சேமிக்கின்றன என்பது நிம்மதி தரும் செய்தி.

மென்பொருளுக்கு முன், ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையைப் பிடித்துத் தரும் கருவியான ட்யூனரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சிலிகான்டஸ்ட் நிறுவனத்தின் எச்டிஹோம்ரன் என்ற சிறிய பெட்டி ஆண்டெனாக் கம்பியை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் வீட்டு நெட்வொர்க்கில் தொலைக்காட்சியை அனுப்புகிறது. கணினிக்குள் அட்டை செருக வேண்டியதில்லை, டிரைவர் தேட வேண்டியதில்லை. மேலும் ஏறக்குறைய எல்லா மென்பொருள்களும் அதை அறியும். இரண்டு ட்யூனர் கொண்டதும் நான்கு கொண்டதும் கிடைக்கின்றன. விலை வேறுபாட்டைத் தாங்க முடிந்தால் நான்கையே வாங்குங்கள் என்பேன். ஏன் என்பது கீழே வரும். வட்டு இடத்தைப் பொறுத்தவரை, ஏடிஎஸ்சி 1.0 என்ற தற்போதைய அமெரிக்க டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்று நொடிக்கு 19.39 மெகாபிட் சுமக்கும். அது முழுவதையும் ஒரே சேனல் எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 8.7 ஜிபி வரும். துணைச் சேனல்களுடன் பங்கிட்டுக்கொள்வதால் நடைமுறையில் உயர்தெளிவுச் சேனல் ஒன்று மணிக்கு 4 முதல் 6 ஜிபி வரை எடுக்கிறது. 2 டிபி வட்டு ஒன்று ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

வீட்டில் இப்படிப் பதிவு செய்வது சட்டப்படி சரியா என்று கேட்பவர்கள் உண்டு. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில், பீட்டாமாக்ஸ் என்ற வீடியோ பதிவுக் கருவி பற்றிய வழக்கில் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பதிவை மற்றவர்களுக்குப் பரப்புவது வேறு விஷயம்.

இனி, பதிவு ஒழுங்காக நடக்குமா என்பதை உண்மையில் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அது நிகழ்ச்சி நிரல். எந்தச் சேனலில் எப்போது என்ன வருகிறது என்ற தரவு சரியாக இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பதிவு செய்யும். ஒளிபரப்பு நிலையங்கள் தங்கள் அலையோடு சேர்த்தே ஒரு நிரலை அனுப்புகின்றன. ஆனால் விதிப்படி அவை அனுப்பியாக வேண்டியது குறைந்தது 12 மணி நேரத்துக்கானதுதான். பல நிலையங்கள் அதற்கு மேல் அதிகம் அனுப்புவதில்லை. நிகழ்ச்சியின் பெயரும் ஓரிரு வரி விளக்கமும் இருக்கும். இது எத்தனையாவது பாகம், புதியதா மறு ஒளிபரப்பா என்பது இருக்காது. "இந்தத் தொடரின் புதிய பாகங்களை மட்டும் பதிவு செய்" என்று சொல்லிவைத்தால், அந்த அடையாளம் இல்லாத நிரலை வைத்துக்கொண்டு மென்பொருள் எல்லாவற்றையும் பதிவு செய்து தள்ளும். ஒரே பாகம் மூன்று முறை வட்டில் கிடக்கும்.

பாகங்களின் அடையாள எண்ணும் முதல் ஒளிபரப்பு நாளும் கொண்ட நிரல் வேண்டுமானால் அதற்குப் பணம் செலுத்த வேண்டும். இதில் ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பைப் பாராட்டியே ஆக வேண்டும். ஜாப்டூஇட் லேப்ஸ் என்ற பெயரில் இலவசமாகக் கிடைத்துவந்த நிரல் 2007-இல் நின்றபோது, மித்டிவி போன்ற திறந்த மென்பொருள்களை உருவாக்கி வந்தவர்கள் ஒன்றுசேர்ந்து அதைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 40 டாலருக்குள் இரண்டு வாரங்களுக்கான நிரல் கிடைக்கிறது. இலவச மென்பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு இந்தச் செலவையும் மிச்சப்படுத்தப் பார்ப்பது தவறான சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து. பின்னால் விவரிக்கப்போகும் ப்ளெக்ஸ், சானல்ஸ் டிவிஆர் என்ற கட்டண மென்பொருள்கள் தங்கள் சந்தாவுக்குள்ளேயே நிரலையும் சேர்த்துத் தருகின்றன. எனவே விலைகளை ஒப்பிடும்போது இலவச மென்பொருளின் பக்கத்திலும் அந்த ஆண்டுச் செலவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நிரல் சரியாக இருந்தும் தவறும் இடம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணிக்கு, கிழக்கு நேரப்படி, சிபிஎஸ்ஸில் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி வரும். அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தில் அதற்கு முன் 4:25-க்குத் தொடங்கும் என்எஃப்எல் லீக் ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது; ஆட்டம் நீண்டால் அதற்கேற்ப '60 மினிட்ஸ்' 7:20-க்கோ 7:35-க்கோ தொடங்கும். நிரலில் 7 மணி என்றே இருந்தால், மென்பொருள் 7-லிருந்து 8 வரை பிசகாமல் பதிவு செய்யும். அதில் பாதி கால்பந்தாகவும், நிகழ்ச்சியின் பிற்பகுதி இல்லாமலும் இருக்கும். இதற்கு ஒரே மருந்து, முடிவு நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பதிவு செய்யும்படி அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் தனியாகச் சொல்லிவைப்பது. இந்தக் கூடுதல் நேரத்தை ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனியாக அமைக்க முடிகிறதா என்பதை, மென்பொருளை நிறுவியவுடன் முதலில் சோதித்துப் பாருங்கள். கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகும் மித்டிவி, டிவிஹெட்எண்ட், சானல்ஸ், ப்ளெக்ஸ் நான்கிலும் முடியும். ஜெல்லிஃபின்னிலும் அமைக்கலாம்.

கூடுதல் நேரம் கேட்கும்போதெல்லாம் ஒரு ட்யூனர் அவ்வளவு நேரம் சிக்கிக்கொள்ளும். எட்டு மணிக்கு வேறு இரண்டு சேனல்களில் பதிவுகள் இருந்தால் இரண்டு ட்யூனர் பெட்டி திணறும். நான்கு வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

டிவிஹெட்எண்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பதிவு செய்யும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால் நான் பார்த்தவற்றுள் இதுவே மிகவும் திறமையானது. லினக்ஸில் இயங்குகிறது, இலவசம், பழைய மடிக்கணினியோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னஞ்சிறு கணினியோ போதும். இதற்கென்று அழகான திரை எதுவும் கிடையாது. உலாவியில் 9981 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே நெட்வொர்க், மக்ஸ், சர்வீஸ், சேனல் என்று நான்கு அடுக்குகள் இருக்கும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த நான்கு அடுக்குகளும் ஒளிபரப்பு உண்மையில் எப்படி வருகிறதோ அதே வரிசையில் இருக்கின்றன. நெட்வொர்க் என்பது ஆண்டெனா. மக்ஸ் என்பது ஒரு நிலையத்தின் அலைவரிசை. அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனி ஒளிபரப்புகள் சர்வீஸ்கள். நாம் பெயரும் எண்ணும் கொடுத்து நிரலோடு இணைத்துக்கொள்வது சேனல். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும்.

அந்த அமைப்பின் பலனை ஓர் எடுத்துக்காட்டால் சொல்லலாம். பல ஊர்களில் பிபிஎஸ் முதன்மைச் சேனலும், 2017 முதல் நாள் முழுவதும் வரும் பிபிஎஸ் கிட்ஸ் சேனலும் ஒரே அலைவரிசையில் துணைச் சேனல்களாக வருகின்றன. யூ.எஸ்.பி ட்யூனர் ஒன்றை டிவிஹெட்எண்டுடன் இணைத்தால், அது அலைவரிசை முழுவதையும் வாங்கி, அந்த ஒரே ட்யூனரைக் கொண்டு பெரியவர்களுக்கு ஆவணப்படத்தையும் பிள்ளைகளுக்குக் கார்ட்டூனையும் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளாகப் பதிவு செய்துவிடும். மித்டிவியும் இதைச் செய்யும். பின்னுக்கு நீட்டிய பதிவும் அதே சேனலின் அடுத்த நிகழ்ச்சியின் பதிவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் இரண்டாவது ட்யூனர் தேவைப்படாது. ட்யூனரை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தும் அறிவு, பெரும்பாலான விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் இல்லை.

டிவிஹெட்எண்ட் பதிவு செய்ததைப் பார்க்கக் கோடி என்ற மென்பொருள் பொருத்தமானது. எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் நீண்ட காலம் இருந்து 2014-இல் பெயர் மாறியது. நேரடித் தொலைக்காட்சிக்கான வசதி 2013-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. லிப்ரெஎலெக் என்ற சிறிய இயங்குதளத்தை ராஸ்பெர்ரி பையில் போட்டால் கோடியும் டிவிஹெட்எண்ட் சர்வரும் ஒரே சாதனத்தில் இயங்கும். தொலைக்காட்சி ஒன்று மட்டும் உள்ள வீட்டுக்கு இதைவிடக் குறைந்த செலவில் ஏற்பாடு கிடையாது. இரண்டு மூன்று தொலைக்காட்சிகள் இருக்கும் வீட்டில்தான் கோடியின் குறை தெரியும். ஒவ்வொன்றும் தனித்தனி நிறுவல். ஓர் அறையில் பாதி பார்த்ததை மற்றோர் அறையில் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்குத் தனியாக வேலை செய்ய வேண்டும். பொத்தான்களும் மெனுக்களும் மிகுதி. தாத்தா பாட்டி ரிமோட்டைக் கையில் எடுத்தால் ஒரு தவறான பொத்தானில் வேறெங்கோ போய் நிற்பார்கள்.

மித்டிவி 2002-இல் தொடங்கியது. இன்றும் உயிரோடு இருக்கிறது. பதிவு விதிகளையும் முன்னுரிமைகளையும் இவ்வளவு நுணுக்கமாக அமைக்க வேறெதிலும் முடியாது. தரவுத்தளத்தைப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன். விண்டோஸ் கணினியை விட்டு நகர விரும்பாதவர்களுக்கு நெக்ஸ்ட்பிவிஆர் இருக்கிறது. இலவசமானது, எளிமையானது, பதிவு வேலையைச் சரியாகச் செய்கிறது; திரை பழைய காலத்தது.

ஜெல்லிஃபின்னைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழ் நண்பர்கள் பலர் முதலில் கேட்பது இதைத்தான். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து தன்னார்வலர்கள் கட்டியெழுப்பியது இது. சந்தா இல்லை, எந்த நிறுவனத்திலும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. நம் வீட்டு சர்வரில் நாமே உருவாக்கும் பயனர்கள் மட்டுமே உள்ளே வர முடியும். குடும்பத்தின் பழைய வீடியோக்கள், வாங்கிய டிவிடிகள், பாட்டுத் தொகுப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இதைவிட மனத்துக்கு நிறைவான மென்பொருள் எனக்குத் தெரியாது. எச்டிஹோம்ரன்னைக் கண்டுகொள்கிறது, ஷெட்யூல்ஸ் டைரக்ட்டையும் ஏற்கிறது.

ஆனால் நேரடித் தொலைக்காட்சிப் பகுதி ஜெல்லிஃபின்னின் பலம் அன்று. சேனல் மாற்றம் மந்தமாக இருக்கிறது. பதிவுகளிடையே மோதல் வந்தால் எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் வசதி மிகவும் குறைவு. எனவே பதிவையும் அதனிடமே ஒப்படைக்காமல், டிவிஹெட்எண்டைப் பதிவு செய்யவிட்டு, அது கோப்புகளை வைக்கும் கோப்புறையை ஜெல்லிஃபின்னுக்கு ஒரு நூலகமாகக் காட்டிவிடுவதே நல்லது. சமையல் ஒருவர், பரிமாறுவது ஒருவர் என்று பிரித்துக்கொள்வதைப் போன்றது இந்த ஏற்பாடு. பாதி பார்த்த இடத்தை ஜெல்லிஃபின் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். கைபேசி, டேப்லெட், ஆண்ட்ராய்டு டிவி எதிலும் தொடரலாம். நாளை இரண்டில் ஒன்று நின்றுபோனாலும் மற்றது நிற்காது. இரண்டு மென்பொருள்களை அமைக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ப்ளெக்ஸ் இவை எல்லாவற்றையும்விடப் பெயர் பெற்றது. தொலைக்காட்சிப் பதிவு வசதி 2016-இல் வந்தது. அதற்கு ப்ளெக்ஸ் பாஸ் என்ற சந்தா வேண்டும். 2025 ஏப்ரல் இறுதியில் அதன் வாழ்நாள் சந்தா 119.99 டாலரிலிருந்து 249.99 டாலராக உயர்த்தப்பட்டது. மாதச் சந்தா 6.99, ஆண்டுச் சந்தா 69.99 டாலர். நிறுவுவது எளிது, எல்லா வகைத் தொலைக்காட்சிகளிலும் ஆப் இருக்கிறது, உறவினர் வீட்டிலிருந்தும் பார்க்கலாம். இந்த வசதிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நம் வீட்டுக் கணினியில் இருக்கும் நம் கோப்பைப் பார்க்க, நிறுவனத்தின் சர்வரில் உள்ள கணக்கு வழியே உள்ளே வரும்படி அது கட்டப்பட்டிருக்கிறது. 2022 ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் பயனர் தரவு திருடப்பட்டு அனைவரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டி வந்தது. மேலும் திரையைத் திறந்தால் நம் பதிவுகளுக்கு முன்னே நிறுவனம் தரும் விளம்பரப் படங்களும் இலவசச் சேனல்களும் வந்து நிற்கின்றன. அவற்றை அமைப்புகளில் ஒவ்வொன்றாக ஒதுக்கிவைக்க வேண்டும். பழைய விலையில் வாழ்நாள் சந்தா வாங்கி வைத்திருப்பவர்கள் அதையே தொடரலாம். புதிதாகத் தொடங்குபவர்கள், பதிவுக்காக மட்டும் இந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

பணம் கொடுக்கலாம், ஆனால் நேரம் செலவழிக்க முடியாது என்பவர்களுக்குச் சானல்ஸ் டிவிஆர் என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். மாதம் 8 டாலர் அல்லது ஆண்டுக்கு 80 டாலர். சர்வர் பகுதி விண்டோஸ், மேக், லினக்ஸ், சினாலஜி போன்ற சேமிப்புப் பெட்டிகள் எதிலும் ஓடும். பார்க்கும் பகுதி ஆப்பிள் டிவியிலும் ஃபயர் டிவியிலும் ஆண்ட்ராய்டு டிவியிலும் இருக்கிறது. இது தொலைக்காட்சி பார்ப்பவர்கள் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்காக எழுதிய மென்பொருள் என்பது பயன்படுத்தத் தொடங்கியதுமே தெரிகிறது. எண்ணைத் தட்டினால் சேனல் உடனே மாறுகிறது. நேரடி ஒளிபரப்பை நிறுத்தி வைத்து, பின்னோக்கிச் சென்று, மீண்டும் தொடர்வது தடங்கலின்றி நடக்கிறது. தொடருக்கு ஒரு விதி எழுதினால், புதிய பாகங்கள் மட்டும் போதுமா, எத்தனை வைத்துக்கொள்வது, முன்னும் பின்னும் எத்தனை நிமிடம் கூட்டுவது என்பவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் கேட்டுவிடுகிறது. வீட்டில் கணினி அறிவு உள்ள ஒருவரை எதிர்பார்க்காமல் மற்ற எல்லோரும் தாங்களாகவே பதிவு வைத்துக்கொள்ள முடிவது இதில்தான். சந்தா நின்றாலும் பதிவுகள் சாதாரணக் கோப்புகளாக நம் வட்டிலேயே இருக்கும் என்பதால் என் இரண்டாவது கேள்வியிலும் தேறிவிடுகிறது. குறை என்றால், மூலநிரல் மூடியது, சிறிய நிறுவனத்தின் படைப்பு, சந்தா ஆண்டாண்டுக்குத் தொடரும் என்பவையே.

விளம்பரங்களைத் தாண்டுவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது. ப்ளெக்ஸ், சானல்ஸ் உட்படப் பலவும் இதற்குப் பின்னணியில் காம்ஸ்கிப் என்ற ஒரே கருவியைத்தான் பயன்படுத்துகின்றன. பதிவு முடிந்ததும் அது படத்தில் கறுப்புத் திரை வரும் இடங்கள், ஒலி அடங்கும் இடங்கள், மூலையில் இருக்கும் சேனல் முத்திரை மறையும் இடங்கள் ஆகியவற்றை வைத்து இடைவேளைகளை ஊகித்து ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்தால் 612.40, 792.15, 3 என்பது போன்ற வரிகள் இருக்கும். நிகழ்ச்சி தொடங்கிய 612-ஆவது நொடியிலிருந்து 792-ஆவது நொடி வரை, அதாவது மூன்று நிமிடம், விளம்பரம் என்று அதற்குப் பொருள். கடைசியில் உள்ள 3 என்ற எண் அது விளம்பர இடைவேளை என்பதற்கான குறி. கோடி இந்தக் கோப்பைத் தானே படித்துத் தாண்டிச் செல்லும். ஊகம் பெரும்பாலும் சரியாக இருந்தாலும், இருண்ட காட்சிகள் நிறைந்த நாடகங்களில் கதையின் ஒரு பகுதியையே விளம்பரம் என்று எண்ணிவிடுவதுண்டு. ஆகவே குறித்து மட்டும் வைக்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். ப்ளெக்ஸில் வெட்டி நீக்கும் தெரிவும் இருக்கிறது. வெட்டியது திரும்பி வராது.

படத் தரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. சிபிஎஸ்ஸும் என்பிசியும் 1080ஐ என்ற இன்டர்லேஸ் முறையில், ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றி அனுப்புகின்றன. ஏபிசியும் ஃபாக்ஸும் 720பி என்ற, வரிகளை அப்படிப் பிரிக்காத முறையில் அனுப்புகின்றன. இன்டர்லேஸ் படத்தை மென்பொருள் சரியாகச் சேர்க்காவிட்டால், ஓடும் ஆட்டக்காரரின் உருவ ஓரம் சீப்பின் பற்களைப் போலத் தெரியும், அல்லது வேகமான அசைவு தத்தித் தத்திச் செல்லும். ஜெல்லிஃபின்னின் டிரான்ஸ்கோடிங் (படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புதல்) அமைப்புகளில் இன்டர்லேஸ் நீக்கும்போது பிரேம் வேகத்தை இரட்டிப்பாக்கும் தெரிவு ஒன்று உண்டு; விளையாட்டு பார்ப்பவர்கள் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். கூடுமானவரை டிரான்ஸ்கோடிங் இல்லாமல் மூலக் கோப்பை அப்படியே ஓட்டக்கூடிய சாதனத்தைத் தொலைக்காட்சியில் இணைப்பதே சிறந்தது. ஒளிபரப்போடு வரும் ஆங்கில வசன வரிகள் டிரான்ஸ்கோடிங்கில் தொலைந்துபோவதுண்டு. ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர் அந்த வரிகளை நம்பித்தான் ஆங்கில நிகழ்ச்சிகளைப் பார்க்கிறார்கள் என்பதால் இதைச் சிறு விஷயமாக ஒதுக்க முடியாது.

தமிழ்ச் சேனல்களையும் இவற்றில் பதிவு செய்யலாமா என்று கேட்பார்கள். இங்கே அமெரிக்காவில் அவை பொதுவாக இணையச் சந்தா வழியே பூட்டப்பட்ட நிலையில் வருவதால் முடியாது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் கட்டண டிடிஎச் சேனல்களில் இதே நிலைதான். ஆனால் ஜிசாட்-15 செயற்கைக்கோளில், 93.5 டிகிரி கிழக்கிலிருந்து வரும் டிடி ஃப்ரீ டிஷ் மாதக் கட்டணம் இல்லாதது. டிடி தமிழ் உள்ளிட்ட திறந்த சேனல்களை, கணினியில் செருகும் டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ட்யூனர் அட்டை ஒன்றைக் கொண்டு டிவிஹெட்எண்டில் பதிவு செய்யலாம். நெட்வொர்க், மக்ஸ், சர்வீஸ், சேனல் என்ற அதே நான்கு அடுக்குகள்தான். ஆண்டெனாவுக்குப் பதில் டிஷ்.

இப்போது புதிதாக வாங்குபவர்கள் ஏடிஎஸ்சி 3.0 பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கும். 2017 நவம்பரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதித்த இந்தப் புதிய ஒளிபரப்பு முறை படத்திலும் ஒலியிலும் மேம்பட்டது. எச்டிஹோம்ரன் ஃப்ளெக்ஸ் 4கே பெட்டியின் நான்கு ட்யூனர்களில் இரண்டு அதையும் வாங்கும். ஆனால் பல நிலையங்கள் தங்கள் 3.0 ஒளிபரப்பைக் குறியாக்கம் செய்து பூட்டியிருக்கின்றன. இங்கே பேசிய எந்த மென்பொருளும் அந்தப் பூட்டைத் திறப்பதில்லை. பொதுமக்களின் அலைவரிசையில் வரும் இலவச ஒளிபரப்பைப் பூட்டுவது, வீட்டில் பதிவு செய்யும் உரிமையை வாசல் வழியே வெளியேற்றாமல் கொல்லைப்புறமாக வெளியேற்றுவதாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நிலையங்கள் அதே நிகழ்ச்சிகளைப் பழைய 1.0 முறையிலும் ஒளிபரப்பி வருவதால், இன்றைக்கு 4கே பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. நான்கு ட்யூனர்களும் 1.0 முறையில் உள்ள ஃப்ளெக்ஸ் குவாட்ரோவை வாங்கி, மிச்சமாகும் பணத்தை நல்ல ஆண்டெனாவுக்கும் முதல் ஆண்டு நிரல் சந்தாவுக்கும் செலவிடுங்கள்.